போர்ட் பிளேரின் கடலை லண்டனில் வரைந்த பொறி

1879ஆம் ஆண்டு லண்டனில் இருந்த லெஜே என்னும் கருவிசெய் நிறுவனம் இந்திய அரசுக்காக ஒரு பித்தளைப் பொறியைச் செய்து முடித்தது. ஒரு துறைமுகத்தில் வரும் ஆண்டு முழுவதும் கடல்மட்டம் எந்த நேரத்தில் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்பதைக் காகிதச் சுருளில் வளைகோடாக வரைந்து தருவதே அதன் வேலை. இயற்கணிதச் சார்பை உள்ளிட்டால் திரையில் அதன் கோட்டை வரைந்து காட்டும் வரைபடக் கணிப்பான் சந்தைக்கு வர இன்னும் 106 ஆண்டுகள் இருந்தன (கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி, 1985). ஆனால் பணியின் தன்மையைக் கொண்டு பார்த்தால் லெஜேயின் பொறியை ஒரு வரைபடக் கணிப்பான் என்றே சொல்லவேண்டும். அது ஒரே ஒரு வகைச் சார்பை மட்டும் அறியும்: வெவ்வேறு வேகத்தில் ஓடும் பல கொசைன்களின் கூட்டல். கடல் ஓதம் அத்தகைய கூட்டல்தான் என்பது வில்லியம் தாம்சனின் (பின்னாளில் கெல்வின் பிரபு) துணிபு.

பொறியின் முன் முதன்முறையாக நிற்பவரின் கண்ணில் படுவது மிரட்சி தரும் ஓர் ஒழுங்கு. தொடக்கத்தில் இருபது கூறுகளும் பின்னர் இருபத்து நான்கும் அதில் இருந்தன. ஒவ்வொரு கூறுக்கும் ஒரு பற்சக்கரத் தொகுதி, ஒரு வளைதண்டு, அதனோடு மேலும் கீழும் அசையும் ஒரு கப்பி. ஒரே மெல்லிய கம்பி எல்லாக் கப்பிகளையும் தழுவிச் செல்லும். அதன் ஒரு முனை சட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் எழுதுகோல் தொங்கும். கைப்பிடியைச் சுழற்றினால் எல்லாக் கப்பிகளும் தத்தம் வேகத்தில் ஏறி இறங்கும். கம்பி அவற்றின் அசைவுகளைக் கூட்டும். எழுதுகோல் அந்தக் கூட்டுத்தொகையை உருளையில் நகரும் காகிதத்தில் வரையும். ஓர் ஆண்டின் ஓதக் கோடு சில மணி நேரத்தில் வரைந்து முடியும். கையால் கணக்கிட்டால் மாதங்கள் ஆகும் வேலை இது.

கைப்பிடியைச் சுழற்றக் கற்க ஒரு நாள் போதும். அதற்கு முன் செய்யவேண்டியவற்றைக் கற்பதற்குத்தான் ஆண்டுகள் ஆயின. ஒவ்வொரு கூறுக்கும் இரண்டு எண்களைப் பொறியில் பொருத்தவேண்டும். வளைதண்டின் நீளம் அந்தக் கூறின் வீச்சைக் குறிக்கும்; முகப்பில் உள்ள முள்ளின் கோணம் அதன் கட்டத்தைக் குறிக்கும். இருபது கூறுகளுக்கு நாற்பது எண்கள். இவை துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறுபடும், ஆண்டுக்கு ஆண்டும் மாறும். எண்கள் பொறியில் இல்லை. பொறி இருந்த நகரத்திலும் இல்லை. போர்ட் பிளேருக்கான எண்கள் போர்ட் பிளேரின் கடலில் இருந்தன.

அவற்றை எடுக்கும் வேலை வேறொரு கருவியிடமும் வேறு சிலரிடமும் இருந்தது. இந்தியாவில் முறையான ஓத அளவீட்டைத் தொடங்கியவர் ராயல் என்ஜினியர்ஸ் படைப்பிரிவின் ஏ. டபிள்யூ. பேர்ட். அவருடைய முதல் நிலையங்கள் 1874-75இல் கட்ச் வளைகுடாவில் ஓகா, ஹன்ஸ்தால், நவநார் ஆகிய இடங்களில் அமைந்தன. கப்பல்களுக்கு உதவுவது அங்கே முதல் நோக்கமாக இருக்கவில்லை. வளைகுடாவின் தலைப்பகுதியில் நிலம் கடலோடு ஒப்பிடுகையில் உயர்கிறதா தாழ்கிறதா என்ற கேள்விக்கே நில அளவைத் துறை விடை தேடியது. 1877க்குப் பின் இந்த அளவீடு இந்தியத் துறைமுகங்களுக்கெல்லாம் விரிந்தது. 1880இல் போர்ட் பிளேரும் அந்த வரிசையில் சேர்ந்தது. (2024 முதல் அந்நகரின் அரசுப் பெயர் ஸ்ரீ விஜய புரம். இங்கே பேசப்படும் காலத்து ஆவணங்களின் பெயரே கையாளப்படுகிறது.) அப்போது அது தண்டனைக் குடியிருப்பு, செல்லுலார் சிறை கட்டப்படுவதற்கு முந்தைய காலம்.

அங்கே நிறுவப்பட்டது தானே பதியும் ஓதமானி. கடலோடு தொடர்புள்ள ஒரு கிணற்றில் மிதவை. மிதவையோடு இணைந்த எழுதுகோல். கடிகாரத்தால் சுழலும் உருளை. இரு பொறிகளும் ஒரே வகைக் கோட்டை எதிரெதிர்த் திசையில் வரைந்தன என்பது கவனிக்கத்தக்கது. போர்ட் பிளேர் ஓதமானி நடந்ததை வரைந்தது. லண்டன் பொறி நடக்கப்போவதை வரைந்தது. இரண்டுக்கும் நடுவில் புனேயில் பேர்டின் அலுவலகம் இருந்தது. ஓதமானியின் கோட்டிலிருந்து மணிக்கு மணி உயரங்களைப் படித்து, ஓர் ஆண்டுக்கு 8,760 எண்களை அட்டவணையாக்கி, அவற்றைக் கூறு கூறாகப் பிரிப்பது அங்கிருந்த கணக்கர்களின் பணி. 1886இல் பேர்ட் வெளியிட்ட ஓத அளவீட்டுக் கையேடு இந்தப் பணிக்கெனவே எழுதப்பட்டது. கருவியை நிறுவுவது முதல் கடைசிக் கழித்தல் வரை ஒவ்வொரு படியையும் அது வரிசையாகச் சொல்கிறது. இன்றைய கணிப்பான்களோடு வரும், எவரும் படிக்காத தடித்த வழிகாட்டி நூல்களுக்கு இது மூதாதை. ஒரு வேறுபாடு: இதைப் படிக்காமல் வேலையே நடக்காது.

கூறுகளின் பெயர்கள் ஒரு சிறு மொழியாகவே வளர்ந்தன. நிலவின் ஈர்ப்பால் நாளுக்கு இருமுறை வருவது எம்-2. அதன் சுற்று 12.42 மணி. கதிரவனால் நாளுக்கு இருமுறை வருவது எஸ்-2. சுற்று சரியாக 12 மணி. நாளுக்கு ஒருமுறை வருபவை கே-1, ஓ-1. எழுத்து மூலத்தைக் குறிக்கும். எண் நாளுக்கு எத்தனை முறை என்பதைக் குறிக்கும். எம், எஸ் ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து காரணம் என எளிதில் ஊகிக்கலாம். கே, ஓ, பி, கியூ என வருபவற்றுக்கு அத்தகைய காரணம் இல்லை, அவை இடுகுறிகள். இக்குறியீட்டைத் தொடங்கிவைத்தவர் தாம்சன். 1883இல் பிரிட்டிஷ் அசோசியேஷனுக்கு அளித்த அறிக்கையில் அதை ஒழுங்குபடுத்தியவர் ஜார்ஜ் டார்வின், பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் மகன். காரணப்பெயரும் இடுகுறிப்பெயரும் கலந்த இந்த நெடுங்கணக்கு இன்றும் உலகெங்கும் அப்படியே வழங்குகிறது. தமிழோ ஓதம் என்ற பழஞ்சொல்லோடு நின்றுவிடவில்லை: பள்ளிப் பாடநூல்கள் மிதவை ஓதம் என்றும் தாழ்மட்ட ஓதம் என்றும் பிரிக்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் வற்றுப்பெருக்கு என்கின்றன. ஆனால் எம்-2க்கு மட்டும் எந்த மொழியிலும் வேறு பெயர் இல்லை.

இந்த எழுத்துகளில் போர்ட் பிளேர் எளிய சொற்றொடர். எம்-2இன் வீச்சு அங்கே ஏறத்தாழ இரண்டடி, அதாவது 0.6 மீட்டர், எஸ்-2 ஏறத்தாழ அதில் பாதி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இரண்டும் ஒன்றுகூடும்போது கடல் 1.8 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். அரைநிலவு நாட்களில் ஒன்றை மற்றொன்று கழிக்கும்போது 0.6 மீட்டரோடு நின்றுவிடும். இரண்டு சக்கரங்களை மட்டும் பொருத்திக் கைப்பிடியைச் சுழற்றினாலே ஏறத்தாழ பதினைந்து நாளுக்கொரு முறை விம்மி ஒடுங்கும் அந்தக் கோடு கிடைத்துவிடும். மற்றக் கூறுகள் திருத்தம் செய்பவை. ஹூக்ளி, ரங்கூன் போன்ற ஆற்றுத் துறைமுகங்களின் கதை வேறு. ஆழமற்ற நீரில் ஓதத்தின் வடிவமே நெளிந்துபோகும். ஆற்று வெள்ளம் எந்தக் கொசைனுக்கும் அடங்காது. நில அளவைத் துறை கணிப்பையும் அளவீட்டையும் ஒப்பிட்டபோது திறந்த கடற்கரை நிலையங்களையும் ஆற்று நிலையங்களையும் தனித்தனியாக வைத்ததற்குக் காரணம் இதுவே.

சரி, எளிய துறைமுகம் என்றால் பொறியைப் பொருத்துவதும் எளிதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். அளவீட்டிலிருந்து கிடைக்கும் வீச்சை அப்படியே பொறியில் பொருத்த முடியாது. நிலவின் பாதை 18.6 ஆண்டுக்கு ஒருமுறை சாய்ந்து மீள்வதால், ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வொரு கூறையும் ஒரு பெருக்கெண்ணால் திருத்தவேண்டும். எம்-2க்கு இது நூற்றுக்கு நான்குக்குள் அடங்கும். ஓ-1க்கு நூற்றுக்கு ஏறத்தாழ பத்தொன்பது வரை போகும். எஸ்-2க்கோ திருத்தமே இல்லை, அது கதிரவனின் பிள்ளை. கட்டத்துக்கும் இதேபோல, ஆண்டின் முதல் நாள் நள்ளிரவில் நிலவும் கதிரவனும் எங்கே இருந்தன என்பதைக் கணக்கிட்டுச் சேர்க்கவேண்டும். அந்த நள்ளிரவு எந்த ஊரின் நள்ளிரவு, கட்டம் எந்த நெடுவரையிலிருந்து எண்ணப்பட்டது என்பவற்றைக் கணக்கர் அறிந்திருக்கவேண்டும். பொறியின் முகப்பில் இவை எவையும் எழுதப்பட்டிருக்கவில்லை.

போர்ட் பிளேரை வைத்தே இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அது கிரீனிச்சுக்குக் கிழக்கே ஏறத்தாழ 92¾ பாகையில் இருக்கிறது. உள்ளூர் நெடுவரையிலிருந்து எண்ணிய கட்டத்தைப் பொருத்தவேண்டிய இடத்தில் கிரீனிச் நெடுவரையிலிருந்து எண்ணியதை ஒருவர் பொருத்திவிட்டார் என்று கொள்வோம். நாளுக்கு இருமுறை வரும் கூறுகளில் பிழை இதைப் போல் இருமடங்காகும்: 185½ பாகை. அதாவது ஏறக்குறைய அரைச்சுற்று. எம்-2 தலைகீழாகும், எஸ்-2உம் அதே அளவு தலைகீழாகும். இரண்டும் ஒன்றாகப் புரள்வதால் அமாவாசையில் விம்முவதும் அரைநிலவில் ஒடுங்குவதும் தம் இடத்திலேயே இருக்கும். கோடு வழவழப்பாக இருக்கும், வீச்சு சரியாக இருக்கும், பதினைந்து நாள் ஒழுங்கு பிசகாது. உயர் ஓதம் என்று அட்டவணை சொல்லும் நேரத்தில் துறைமுகத்தில் நீர் வற்றிக் கிடக்கும் என்பதொன்றே குறை. லண்டனில் அந்தக் கோட்டைப் பார்க்கும் எவருக்கும் ஐயம் எழ வழியில்லை. பவழப்பாறைகளுக்கு நடுவே கலத்தைச் செலுத்துபவருக்கு மட்டும் அது தெரியவரும், தரைதட்டும்போது.

பாகையும் ரேடியனும் குழம்பிய இன்றைய மாணவர் இதைவிட நல்வாய்ப்புடையவர். பாகை நிலையில் இருக்கும் கணிப்பானில் சைன் கோட்டை வரையச் சொன்னால், வழக்கமான -10 முதல் 10 வரையான சாளரத்தில் அது ஏறக்குறைய படுத்துக்கிடக்கும் நேர்கோடாகத் தோன்றும். ஏதோ தவறு என்று கண்ணே சொல்லிவிடும். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் பிழைதான் கொடியது. 1879இன் பொறி அந்த வகைப் பிழைகளையே மிகுதியாகச் செய்யவல்லது.

ஆகவே இப்பொறியைக் கற்பது என்பது அதன் விடையை எப்போது நம்பலாம் என்று கற்பதாகவே இருந்தது. அந்தக் கல்வி நெடுங்காலம் ஒரு மனிதரிடம் குவிந்து கிடந்தது. நாட்டிகல் அல்மனாக் அலுவலகத்தில் பணியாற்றிய எட்வர்ட் ராபர்ட்ஸ் இந்தியப் பொறியின் வடிவமைப்பாளர்; இந்தியத் துறைமுகங்களுக்கான கணிப்புகளைப் பல ஆண்டுகள் அவரே மேற்பார்த்தார். 1881இல் சிவில் பொறியாளர் நிறுவனத்தில் தாம்சன் தம் ஓதக் கருவிகளைப் பற்றிய கட்டுரையை அளித்தபோது, கணிப்புப் பொறியின் பெருமை யாருக்கு எவ்வளவு என்று இருவருக்கும் இடையே பூசல் எழுந்தது. கருத்து தாம்சனுடையது, உழைத்து இயங்கச் செய்தவர் ராபர்ட்ஸ் என்று பின்னோக்கிப் பார்ப்பவர் சமரசம் சொல்லலாம். ராபர்ட்ஸ் அத்தகைய சமரசத்தை விரும்பியதாகத் தெரியவில்லை. ஓதக் கணிப்பு அவர் குடும்பத் தொழிலாகவே மாறியது. அவர் பின்னர் வடிவமைத்து 1906இல் லெஜேயே செய்தளித்த பெரிய பொறி லிவர்பூல் ஓத ஆய்வகத்தைச் சேர்ந்தது. 1944 ஜூன் நார்மண்டித் தரையிறக்கத்துக்கான ஓதக் கணிப்புகளை ஆர்தர் டூட்சன் உருவாக்கப் பயன்பட்ட பொறிகளில் அதுவும் ஒன்று.

கணிக்கும் முறை வேறு, அதன் கொள்கை வேறு என்ற பிளவு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1825இல் சென்னையில் வெளிவந்த ‘காலசங்கலித’த்தில் ஜான் வாரன், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைப் பற்றி எழுதுகிறார். அவர் தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக அறிந்த வாக்கியங்களைக் கொண்டு ஒரு நிலவு மறைப்பைக் கணித்துக் காட்டினார். வாக்கியங்கள் என்பவை எழுத்துக்கு எண்மதிப்புத் தரும் கடபயாதி முறையில் அமைந்த தொடர்கள். பொருளும் தரும், எண்ணும் தரும். வரருசியின் பெயரில் வழங்கும் நிலவு வாக்கியங்கள் 248. அக்கணிதருக்குக் கொள்கை எதுவும் தெரியாது என்று வாரன் குறிப்பிடுகிறார், சற்று ஏளனத்துடன். 1952இல் அக்கணக்கை ஆராய்ந்த ஓட்டோ நியூகெபவர், மறைப்பின் தொடக்கத்தில் நான்கு நிமிடமும் நடுவில் இருபத்து மூன்று நிமிடமும் முடிவில் ஐம்பத்திரண்டு நிமிடமும் பிழை இருந்ததாகக் காட்டினார். சோழியும் நினைவும் மட்டுமே கொண்டு செய்த கணக்குக்கு இது வியப்பூட்டும் நெருக்கம். லண்டனில் கைப்பிடி சுழற்றியவருக்கும் நிலவின் கொள்கை தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆனால் பஞ்சாங்கக் கணிதரின் பிழை அன்றிரவே வானத்தில் வெளிப்பட்டுவிடும். லண்டன் பொறியின் பிழை வெளிப்பட, வங்கக்கடலுக்கு அப்பால் ஒரு மிதவையும் எழுதுகோலும் ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கவேண்டும்.

அந்த எழுதுகோல் ஒரு நாள் எந்தக் கூறிலும் அடங்காத ஒன்றை வரைந்தது. 1881 டிசம்பர் 31 காலை கார் நிக்கோபார் அருகே பெரும் நிலநடுக்கம். அதில் எழுந்த ஆழிப்பேரலையை வங்கக்கடலைச் சுற்றியிருந்த எட்டு ஓதமானிகள் பதிந்தன. போர்ட் பிளேர் அவற்றுள் ஒன்று. அலைமுகட்டின் மிகுந்த உயரம் 0.8 மீட்டர். வழவழப்பாக ஏறி இறங்கவேண்டிய கோட்டின் மேல் மரம் அறுக்கும் வாளின் பல்லைப் போல நெருக்கமான ஏற்ற இறக்கங்கள் தோன்றின. நில அளவைத் துறையின் எம். டபிள்யூ. ராஜர்ஸ் அக்கோடுகளை ஒப்பிட்டு 1883இல் அறிக்கை எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 27இல் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் அலையும் இந்திய ஓதமானிகளில் பதிவாயிற்று. பேர்ட் அதைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வரும் ஓதம் இன்னதென்று முன்பே தெரிந்திருந்ததால்தான் ஓதமல்லாததைப் பிரித்தெடுக்க முடிந்தது. கணிப்பைப் பொய்ப்பித்த நாட்களே கணிப்பின் பயனை நிறுவின என்று சொல்வது மிகையாகாது.

பொறி பின்னர் லண்டனை அடுத்த டெடிங்டனில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்குப் போய், 1921இல் டேராடூனில் நில அளவைத் துறையின் புவியளவைப் பிரிவை வந்தடைந்தது. செய்து முடித்து நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே அது எந்தக் கடல்களுக்காகச் செய்யப்பட்டதோ அந்த நாட்டுக்கு வந்தது, அதுவும் கடலே இல்லாத மலையடிவார நகரத்துக்கு. ஆயினும் அளவீட்டைப் பகுப்பவரும் பொறியைப் பொருத்துபவரும் கோட்டைப் படித்து அட்டவணை எழுதுபவரும் இப்போது ஒரே துறையின் கீழ் வந்தனர். ஆண்டுக்கு ஏறத்தாழ 705 உயர் ஓதங்கள், அதே அளவு தாழ் ஓதங்கள். ஒவ்வொன்றின் நேரமும் உயரமும் கோட்டிலிருந்து கண்ணால் படிக்கப்பட்டன. இவ்வரலாற்றில் பேர்டுக்கும் ராபர்ட்ஸுக்கும் டார்வினுக்கும் பெயர் உண்டு. புனேயிலும் டேராடூனிலும் எண்களைப் பிரித்த கணக்கர்கள் பெரும்பாலும் கையெழுத்தாகவே எஞ்சியிருக்கிறார்கள். ராதாநாத் சிக்தாரைப் போல ஒருவர் பெயர் பெறுவது அத்துறையில் அரிய விலக்கு.

பொறியில் பொருத்தமுடியாத எண் ஒன்றும் உண்டு. ஓத உயரங்கள் எல்லாம் எந்தச் சுழியிலிருந்து அளக்கப்படுகின்றன என்பதே அது. இந்திய ஓதங்களை ஆராய்ந்தபோது டார்வின் அதற்கு ஒரு வரையறை தந்தார்: சராசரிக் கடல்மட்டத்திலிருந்து எம்-2, எஸ்-2, கே-1, ஓ-1 ஆகிய நான்கின் வீச்சுகளையும் கழித்தால் வரும் மட்டம். கடல் அதற்குக் கீழே இறங்குவது அரிது. ‘இந்தியன் ஸ்பிரிங் லோ வாட்டர்’ என்ற பெயரிலேயே அது உலக நீர்வரைபடவியலில் இடம்பெற்றது. அந்த மட்டம் கடலின் நான்கு எழுத்துகளால் ஆனது. ஆனால் அதைக் கரையில் குறித்துவைக்க ஒரு கல் வேண்டும், கல் அசையாதிருக்கவேண்டும்.

மொடெஸ்டோ ஓர்டிஸும் ரோஜர் பில்ஹமும் 2003இல் அந்த எட்டுப் பழைய கோடுகளை மீண்டும் எடுத்து, 1881 நிலநடுக்கத்தின் அளவை 7.9 எனக் கணித்தனர். அடுத்த ஆண்டு டிசம்பர் 26 காலை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் நிலமே சாய்ந்தது. வட அந்தமானின் திக்லிப்பூர்ப் பக்கம் பவழத்திட்டுகள் நீருக்கு மேல் எழுந்து வெளுத்தன. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4.25 மீட்டர் அமிழ்ந்தது. கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. போர்ட் பிளேர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. நிலவும் கதிரவனும் அப்படியே இருந்தன. எம்-2 எம்-2ஆகவே இருந்தது. நகருக்குத் தெற்கே சிப்பிகாட்டின் வயல்களிலும் சாலையிலும் அதன் பிறகு உயர் ஓதத்தின்போது, நாளுக்கு இருமுறை, 12.42 மணிக்கு ஒருமுறை, கடல் வந்து போனது.